ஓவன் வாங்குன காசு சரி, அது பின்னாடியே போற காசு?

சின்னதா கடை வெச்சு நடத்தறவங்க கிட்ட "இதுவரைக்கும் பண்ணதுலயே தண்டச் செலவு எதுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, யோசிக்கவே மாட்டாங்க, டக்குனு ஒரு பொருளைக் கைகாட்டுவாங்க. மூலையில பெட்ஷீட் போத்தி நிக்கற மெஷின், ஒரே மாசம் யூஸ் பண்ண பில்லிங் சாஃப்ட்வேர், கடை முகப்பு எலிவேஷனுக்குப் போட்ட காசு, யாரோ ஒரு ஃபுட் வ்லாகருக்குக் குடுத்த காசு. சரி அதுல என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா அதுக்கும் பதில் ரெடியா இருக்கும், "இனிமே அந்தக் கம்பெனி மெஷினே வாங்கக் கூடாதுங்க", "விளம்பரமே வேஸ்ட்டுங்க". கொஞ்சம் கடைங்களுக்கு ஜிஎஸ்டி, கணக்கு வேலை பாக்கறதால இந்தப் பேச்சு என் காதுல அடிக்கடி விழும். லெட்ஜரைத் திறந்து பாத்தா கதை வேற மாதிரி இருக்கும், அந்தப் பொருளை வாங்குன அன்னிக்குப் போன காசை விட, அது மாசாமாசம் கூட்டிட்டு வந்த செலவுதான் கடையைக் கடிச்சிருக்கும். ஆனா அது ஈபி பில்லு, டீசல், சம்பளம், இஎம்ஐன்னு தனித்தனி தேதில தனித்தனி பேர்ல போறதால யாரும் அந்த மெஷின் கணக்குல எழுதறதில்ல.

ஒரு பேக்கரியை வெச்சே பாக்கலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பேக்கரின்னா முன்னாடி டீ மாஸ்டர், உள்ள பேக்கரி மாஸ்டர், சாயங்காலம் நாலு மணிக்கு மேல பஃப்ஸ், தேங்கா பன்னு, டீன்னு கூட்டம் நிக்கற கடை. அப்படி ஒரு கடைல தினம் 400 பஃப்ஸ் போடறாங்க, ஆறு மணிக்கெல்லாம் தீந்துடுது, அதுக்கப்புறம் வர்றவங்க "இல்லீங்களா"ன்னு கேட்டுட்டுத் திரும்பறாங்கன்னு வெச்சுக்குவோம் (நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் போடறது, கடைக்காரங்க அவங்கவங்க நம்பரைப் போட்டுக்கலாம்). பெரிய ரோட்டரி ஓவன் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு முதலாளிக்குத் தோணும், தோணறதுல தப்பே இல்ல. கொட்டேஷன் 6,00,000. மனசுல "ஓவன் ஆறு லட்சம்"னு பதிஞ்சுடும், எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் ஆறு லட்சம்னுதான் சொல்லுவார்.

மொதல்ல அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, 7,08,000 ஆச்சு. "அது இன்புட்ல வந்துடுங்கண்ணா"ன்னு, அதாவது வாங்கறப்ப கட்டுன ஜிஎஸ்டியை விக்கறப்ப கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம்னு, மெஷின் விக்க வர்ற பையன் சொல்லுவான், அவனைச் சொல்லிக் குத்தமில்ல, ரெகுலர் ஸ்கீம்ல இருக்கற ஃபேக்டரிக்கு அது வரும். ஆனா சின்ன பேக்கரி பெரும்பாலும் காம்போசிஷன்ல இருக்கும், ஒன்றரைக் கோடி டர்ன்ஓவருக்குள்ள இருக்கறவங்க குறைஞ்ச பர்சன்ட்ல வரி கட்டிட்டு நிம்மதியா இருக்கற ஸ்கீம், அதுல இன்புட் கிரெடிட்டே கிடையாது. காம்போசிஷன்ல இல்லாம ரெகுலர்ல இருந்தாலும் டேபிள் போட்டு டீ பலகாரம் குடுக்கற ஹோட்டல் மாதிரியான வியாபாரத்துக்கு 5 பர்சன்ட் போடறீங்கன்னா அந்தப் பங்குக்கு கிரெடிட் எடுக்க முடியாது, 2017 நவம்பர்ல இருந்து அப்படித்தான். ஆக காம்போசிஷன்ல இருக்கற பேக்கரிக்கு அந்த 1,08,000 திரும்பி வராத காசு. இதுல இன்னொரு கூத்தும் இருக்கு, "வெயில் காலத்துக்கு நாமளே ஐஸ்கிரீம் போடலாமே"ன்னு மெஷின் வாங்கிடுவாங்க, சொந்தமா ஐஸ்கிரீம் தயாரிக்கறவங்களுக்கு காம்போசிஷனே கிடையாதுங்கற விஷயம் வாங்குனதுக்கு அப்புறம்தான் எங்க கிட்ட வரும். மெஷினோட விலை பேசறப்ப யாருமே இதைக் கேக்கறதில்ல, ஒரு ஃபோன் பண்ணா முடிஞ்சுது.

அடுத்து லோன். ஒரு லட்சத்து எட்டாயிரம் கையில இருந்து போட்டு ஆறு லட்சம் ஃபைனான்ஸ்ல எடுக்கறாரு, "12 பர்சன்ட் ஃபிளாட், மூணு வருஷம்". கேக்கறதுக்கு பேங்க் வட்டி மாதிரியே இருக்கும். ஃபிளாட்ன்னா நீங்க அசலைக் கட்டிக் குறைச்சுக்கிட்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு ஆறு லட்சத்துக்கே ஓடும். வருஷம் 72,000, மூணு வருஷத்துக்கு 2,16,000, ஆக மொத்தம் 8,16,000 வகுத்தல் 36, மாசம் 22,667. பேங்க்ல சொல்ற மாதிரி குறையற அசல் கணக்குல போட்டுப் பாத்தா இது 21 பர்சன்ட்டுக்கு மேல வருது. பக்கத்து பேங்க்ல 13 பர்சன்ட்னு சொன்னப்ப "ஒரு பர்சன்ட் ஜாஸ்தி, பேப்பர் வேற நிறைய கேக்கறாங்க"ன்னு வேண்டாம்னு வந்தவங்களை நான் பாத்திருக்கேன், சொன்னா நம்ப மாட்டாங்க, எக்ஸெல்ல போட்டுக் காட்டணும்.

அதுக்கப்புறம் கரண்டு. ஓவனுக்கு பர்னர் டீசல்ல ஓடுனாலும் மோட்டார், பெரிய மிக்ஸர், கூலர்னு சேந்து லோடு ஏத்தணும், பத்து கிலோவாட் ஏத்துனீங்கன்னா கமர்ஷியல் டாரிஃப்ல கிலோவாட்டுக்கு மாசம் நூறு ரூபாய்க்கு மேல நிலைக்கட்டணம், மெஷினை ஓட்டுனாலும் ஓட்டாட்டியும். தொகை சின்னதுதான், ஆனா இந்த ஓட்டாட்டியும் கட்டணும்ங்கற விஷயம் இருக்கே, 2022 செப்டம்பர்ல மின் கட்டணம் ஏத்துனப்ப நம்ம பக்கம் குறுந்தொழில்காரங்க யூனிட் ரேட்டை விட நிலைக்கட்டணத்துக்குத்தான் அதிகமா கொதிச்சாங்க, ஏன்னா ஆர்டர் இல்லாத மாசத்துலயும் அது வந்து நிக்கும். ஓவன் வந்தா மாஸ்டருக்கு ஒரு ஹெல்ப்பர் வேணும், 15,000 வெச்சுக்கலாம். டீசல் ஒரு 9,000. எல்லாம் சேத்தா மாசத்துக்கு ஏறக்குறைய 47,700 ரூபாய் புதுசா கடை மேல ஏறி உக்காருது.

பஃப்ஸ் 20 ரூபாய்க்கு விக்கறோம், மைதா, டால்டா, மசாலா, முட்டை, கவர் எல்லாம் போக 8 ரூபாய் நிக்குதுன்னா, 47,700ஐ எட்டால வகுத்தா மாசம் ஆறாயிரம் பஃப்ஸ் கிட்ட வருது, அதாவது தினம் 200, ஞாயித்துக்கிழமை மழை பந்த் எதுவும் பாக்காம. இது லாபத்துக்கு இல்லீங்க, கையைக் கடிக்காம இருக்கறதுக்கு. இப்பத்தான் கேள்வியே சரியான இடத்துக்கு வருது, ஆறு மணிக்கு மேல "இல்லீங்களா"ன்னு கேட்டுட்டுப் போறவங்க தினம் 200 பேர் இருக்காங்களா, இல்ல நாப்பது பேரா? ஒரு வாரம் கல்லாவுல உக்காந்திருக்கறவர் ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணிருந்தா தெரிஞ்சிருக்கும். நாப்பது பேர்னா ஓவனே வேண்டாம், மதியம் இன்னொரு தடவை பழைய ஓவனைப் பத்த வெச்சா போதும். 200 பேர்னா, இல்லாட்டி பக்கத்து ஊர் டீக்கடைங்களுக்கு லைன் போடறதுக்கு, அதாவது தினம் சரக்கு கொண்டு போய்க் குடுக்கறதுக்கு, ஆர்டர் கையில இருக்குன்னா தாராளமா வாங்கலாம். லைன்லயும் ரிட்டர்ன் வரும், கடன் நிக்கும், அதையும் கழிச்சுக்கணும்.

இந்தக் கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, எட்டாவது படிச்சவர் போட்டுருவார், அதுவும் நம்ம வியாபாரிங்க வாய்க்கணக்குல புலிங்க. அப்புறம் ஏன் போடறதில்லன்னா, முடிவு எடுக்கற நேரம் அப்படி. கிறிஸ்மஸ், நியூ இயர் கேக் ஆர்டர் முடிஞ்ச ஜனவரி முதல் வாரம், இல்ல தீபாவளி ஸ்வீட் சீசன் முடிஞ்ச வாரம், அக்கவுண்ட்ல நாலு லட்சம் நிக்கும். அந்த நாலுல மைதா மண்டிக்குக் குடுக்க வேண்டியது இருக்கும், கட்டாத ஜிஎஸ்டி இருக்கும், சீட்டுப் பணம் இருக்கும், பொண்ணு ஸ்கூல் ஃபீஸும் அதுலதான் போகணும், ஆனா மொபைல்ல பாக்கறப்ப பேலன்ஸ் ஒரே நம்பராத்தான் தெரியும். அந்த வாரத்துலதான் மெஷின் ஏஜென்ட்டும் வருவான், அவனுக்கு நம்மளை விட நம்ம சீசன் நல்லாத் தெரியும். கோயம்புத்தூர் கொடிசியா ஹால்ல எக்ஸிபிஷன் நடந்தா இன்னும் மோசம், பெரிய ஹால், ஏசி, மெஷின் ஓடிட்டே இருக்கு, பக்கத்து ஊர் போட்டிக்காரர் அட்வான்ஸ் போட்டுட்டுப் போறதைப் பாத்துட்டா அப்புறம் எங்க வாரக்கணக்குல கோடு போட்டு எண்றது.

மானியம்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி ஜாக்கிரதையாச் சொல்லணும், ஏன்னா அது நல்ல விஷயம்தான். பிரதமர் பேர்ல வர்ற பிஎம்இஜிபி, தமிழ்நாட்டு அரசோட நீட்ஸ் திட்டம் எல்லாம் உண்மையிலேயே நிறைய பேரைத் தூக்கி விட்டிருக்கு. வில்லங்கம் எங்கன்னா, மானியம் வருதுன்னதும் தேவையோட சைஸ் பெருசாயிடும். பத்து லட்சத்து மெஷின் போதும், 25 பர்சன்ட் மானியம் போனா ஏழரை லட்சம் நம்ம பாடு. "எப்படியும் கவர்மென்ட் குடுக்குது"ன்னு 16 லட்சத்துக்கு புராஜெக்ட் போட்டா 4 லட்சம் மானியம், மீதி 12 நம்ம பாடு. மானியத்துல ஒன்றரை லட்சம் ஜாஸ்தி வாங்கிட்டோம்னு சந்தோஷம், அதுக்கு நாலரை லட்சம் கூடுதலா நம்ம தலையில ஏறுனது கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பணமும் உடனே கையில வராது, பிஎம்இஜிபில மூணு வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா லாக் ஆகி இருந்துட்டு அப்புறம்தான் லோன்ல கழியும்.

மார்ச் மாசம் ஆச்சுன்னா இன்னொரு டயலாக், "டாக்ஸ் கட்றதுக்கு பதிலா ஒரு காரு வாங்கிப் போட்டுடலாம்ங்க, செலவுல எழுதிக்கலாம்". பத்து லட்சத்துக்கு கார்னு வெச்சுக்கங்க. தேய்மானம் வருஷத்துக்கு 15 பர்சன்ட், அந்த வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா யூஸ் பண்ணிருந்தா அதுல பாதி, ஏழரை. மார்ச்ல வாங்குனா 75,000தான் செலவுல வரும். அவர் 30 பர்சன்ட் ஸ்லாப்லயே இருந்தாலும் அந்த வருஷம் மிச்சமாகற வரி 23,400 ரூபாய், செஸ் எல்லாம் சேத்து. காருக்குப் போட்ட ஜிஎஸ்டிக்கு இன்புட் கிடையாது. இதுலயும் பாதி கடைக்காரங்க 44ஏடின்னு ஆடிட்டருங்க சொல்ற உத்தேச வருமானக் கணக்குல இருப்பாங்க, கேஷ் விற்பனைல 8 பர்சன்ட், ஆன்லைன்ல வந்ததுல 6 பர்சன்ட் லாபம்னு காட்டிட்டுப் போறது, அதுல தேய்மானத்தைத் தனியாக் கழிக்கவே முடியாது. அவங்களுக்கு மிச்சமாகற வரி சைபர். கார் தேவைன்னா வாங்குங்க, பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிட்டுப் பழனி போங்க, அதுல என்ன தப்பு, டாக்ஸுக்காக வாங்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

செகண்ட் பிராஞ்ச் போடறது தனிக் கதை, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். கடைக்குப் போடற காசு எல்லாமே ஒரே ஜாதி இல்ல. பில்டிங் அட்வான்ஸ் சண்டை போட்டாவது திரும்பி வரும், மெஷின் பாதி விலைக்காவது போகும், ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ், சுவத்தோட அடிச்ச பிளைவுட், முன்னாடி போர்டு இதெல்லாம் ஆணி அடிச்ச நிமிஷமே போச்சு, காலி பண்றப்ப பில்டிங் ஓனர் "பழையபடி பண்ணிக் குடுங்க"ன்னு அதுக்கும் காசு கேப்பார். எனக்குத் தெரிஞ்சு மூடுன பிராஞ்சுங்கள்ல பெரும்பாலும் ஆளுங்க மெஷினை விட இன்டீரியருக்குத்தான் ஜாஸ்தி கொட்டிருப்பாங்க, அதுவும் 11 மாச அக்ரிமென்ட் போட்ட இடத்துல.

இப்ப அந்த ஆறு லட்சம் ஓவன் கதைக்குத் திரும்ப வர்றேன், வாங்கியாச்சு, ஒரு வருஷம் ஆச்சு, 200 எதிர்பாத்தது 80தான் போகுது. எண்பதுக்கு எட்டு ரூபாய், மாசம் 19,200 வருது. ஹெல்ப்பர் 15,000, டீசல் கம்மியாயிடுச்சு ஒரு 6,000, நிலைக்கட்டணம் ஆயிரம், ஆக 22,000 போகுது. இஎம்ஐயைத் தொடவே இல்ல, ஓட்டறதுக்கே மாசம் 2,800 நஷ்டம். இந்த நேரத்துல கடைக்காரர் சொல்றது, "ஏழு லட்சம் போட்ட ஓவனை எப்படிங்க மூணரைக்குக் குடுக்கறது, கொஞ்ச நாள் பாக்கலாம்". அந்தக் கொஞ்ச நாள்தான் முதல் முடிவை விட விலை ஜாஸ்தி. 12 இஎம்ஐ, அதாவது 2,72,000 கட்டியாச்சு, ஃபிளாட் வட்டியை உடைச்சுப் பாத்தா அசல்ல குறைஞ்சது 1,60,000 ரூபாய்தான், இன்னும் 4,40,000 கிட்ட பாக்கி நிக்குது. மூணரைக்கு வித்து மேல 90,000 கையில இருந்து போட்டா லோன் முடியும் (லோனை முன்னாடியே முடிக்கறதுக்கு வாங்கற ஃபோர்குளோஷர் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டுக்கணும், ஃபைனான்ஸுக்கு ஃபைனான்ஸ் மாறும்). விக்காம வெச்சிருந்தா இன்னும் 24 மாசம் 22,667, அதுவே 5,44,000, மேல ஓட்டற நஷ்டம். கடைசில ஓவன் கைல இருக்கும்தான், அப்ப அதுக்கு மூணரை யாரு குடுப்பா?

போட்ட காசுக்காக மேல மேல இழுத்துட்டுப் போறது நம்ம ஊர் வியாபாரிக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. 1985ல ஆர்க்ஸ், புளூமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல ஒஹையோ யூனிவர்சிட்டி நாடகத்துக்கு சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சில பேருக்கு முழு விலை 15 டாலர், சில பேருக்கு ஆள் பாக்காம குலுக்கல் மாதிரி தள்ளுபடி பண்ணிக் குடுத்தாங்க. முழு விலை குடுத்தவங்கதான் முதல் பாதி சீசன்ல ஜாஸ்தி நாடகத்துக்குப் போனாங்க, நாடகம் என்னவோ எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்ம கடைல இன்னொரு காரணமும் உண்டு, வித்தா ஊருக்குத் தெரியும். மாமனார் வீட்டுல கேப்பாங்க, எதிர்க் கடைக்காரர் டீ குடிக்க வந்து நமுட்டுச் சிரிப்பு சிரிப்பார். மாசம் 22,667 கட்டறது யாருக்கும் தெரியாது.

பாடம் கத்துக்கறதுல நான் பாக்கற பெரிய சிக்கல், நஷ்டம் வந்தா தப்பான முடிவு, லாபம் வந்தா சரியான முடிவுன்னு எழுதிக்கறது. 2020 பிப்ரவரில கடை திறந்தவர் முட்டாள் இல்ல, மார்ச் கடைசில நாடே மூடும்னு யாருக்குத் தெரியும். அவர் கணக்கு சரியா இருந்திருந்தா அதே கணக்கோட மறுபடியும் திறக்கலாம், ஆனா "கடையே நமக்கு ராசியில்ல"ன்னு ஒதுங்கிட்டவங்க உண்டு. இதோட மறுபக்கம் இன்னும் ஆபத்து. 2021 ஆரம்பத்துல பருத்தி ஒரு கண்டி, 356 கிலோ, ஐம்பதாயிரத்துக்குக் கீழ இருந்தது, 2022 மே மாசம் ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு, நூல் விலை மாசாமாசம் ஏறுச்சு, திருப்பூர்ல ஸ்ட்ரைக் வரைக்கும் போச்சு. அந்த நேரத்துல நூலு ஸ்டாக் வெச்சிருந்தவங்க துணி நெய்யாமலே சம்பாதிச்சாங்க. அதுல "ஸ்டாக் போட்டா லாபம்"னு ஒரு பாடத்தைக் கத்துக்கிட்டு உச்சத்துல கடன் வாங்கி ஸ்டாக் போட்டவங்களுக்கு வருஷக் கடைசில கண்டி அறுபதாயிரம் சொச்சத்துக்கு வந்தப்ப என்ன ஆயிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. முதல் தடவை அதிர்ஷ்டம், அதுக்கு புத்திசாலித்தனம்னு பேர் வெச்சதுதான் ரெண்டாவது தடவையைக் கெடுத்தது.

விளம்பரம் வேஸ்ட்டுன்னு சொல்றதும் இதே வகையறா. வ்லாகர் வந்தார், வீடியோ போட்டார், ரெண்டு வாரம் கூட்டம், அப்புறம் பழையபடி. அந்த ரெண்டு வாரத்துல வந்தவங்க எத்தனை பேர், அதுல மூணாவது வாரம் திரும்பி வந்தவங்க எத்தனை பேர்னு எண்ணுன கடை ஒண்ணு காட்டுங்க. எண்ணாதப்ப அது வேஸ்ட்டா இல்லையான்னே தெரியாது, கூட்டத்துல பஃப்ஸ் ஆறிப் போய்க் குடுத்ததால திரும்பி வரலையான்னும் தெரியாது, வ்லாகர் மேல பழியைப் போட்டுட்டு ஃபைலை மூடிடறோம்.

அதனால நான் கடைக்காரங்க கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு, 50,000க்கு மேல எது வாங்கறதா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி உங்க கையெழுத்துல ஒரு பக்கம் எழுதி அந்தக் கணக்கு நோட்டு முதல் பக்கத்துல ஒட்டிருங்க. அந்த ஓவனுக்கு எழுதுனா இப்படி இருக்கும்:

"ஓவன், எல்லாம் சேத்து 7,08,000. மாசம் ஜாஸ்தியாகற செலவு 47,700. இப்ப 400 பஃப்ஸ் போகுது, 600 போகணும். ஒரு வாரம் எண்ணதுல கேட்டுட்டுத் திரும்புனவங்க தினம் இத்தனை பேர். லைன் ஆர்டர் சொன்ன கடைங்க இவங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கணும், அன்னிக்கு 500க்குக் கீழ இருந்தா குடுத்துடறது."

கடைசி வரிக்குத்தான் எல்லாரும் முகம் சுளிப்பாங்க, "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப விக்கற பேச்சு எதுக்குங்க"ன்னு. எழுதாம விட்டா ஆறு மாசம் கழிச்சு நாம என்ன எதிர்பாத்தோம்ங்கறதே மாறிப் போயிருக்கும், "அப்பவே நான் 480தான் போகும்னு நெனச்சேன்"னு சொல்லுவோம், பொய் சொல்லணும்னு இல்ல, ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். தேதி போட்டு எழுதி வெச்சிருந்தா தப்பு எங்கன்னு பிரிச்சுப் பாக்கலாம், எண்ணதுல தப்பா, எண்ணவே இல்லையா, வட்டி புரியாமப் போச்சா, இல்ல எல்லாம் சரியாப் பண்ணியும் எதிர்ல புதுக் கடை வந்துடுச்சா. நாலும் நாலு விதமான பாடம், நாலாவதுல கத்துக்கறதுக்குன்னு பெருசா ஒண்ணும் இல்ல.

வீட்டுல சம்சாரமோ பையனோ கணக்கு எழுதறாங்கன்னா அந்தப் பக்கத்தை அவங்களைப் படிக்கச் சொல்லுங்க, தனி ஆளா முடிவெடுக்கற கடைலதான் பெட்ஷீட் போத்துன மெஷின் ஜாஸ்தி. இஎம்ஐ எவ்வளவு தாங்கும்னு பாக்கறதுக்கு தீபாவளி மாசத்துக் கல்லாவை எடுக்காதீங்க, போன வருஷம் ஆடி மாசக் கணக்கை எடுங்க. கல்யாண ஆர்டர் இருக்காது, பர்த்டே கேக்கும் சுவீட்டும் மட்டும் ஓடும். வாடகை, சம்பளம், மண்டிக் கடன் எல்லாம் போக அந்த மாசம் கையில 15,000 நின்னுதுன்னா 22,667 இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி மிச்ச ஏழாயிரத்துச் சொச்சம் எந்த டப்பாவுல இருந்து வரும்னு இப்பவே சொல்லிடுங்க.